கிழக்குக் கொம்பு

எருசலேமுக்கா? போ தம்பி, போ. தடுக்க நான் யார்? பாபிலோனிலிருந்து பெட்டியும் பெண்டாட்டியுமாகக் கிளம்பி இந்த ஆமாத்துச் சத்திரம் வரைக்கும் வந்துவிட்டாய். இனிமேல் திரும்பு என்றால் திரும்பவா போகிறாய்? நானும் இப்படித்தான் வந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். இப்போது பார், ஊரே அந்தப் பக்கம் போகிற பாதையில் நான் ஒருத்தன் மட்டும் இந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்.

உட்கார். அம்மா, நீயும் உட்கார். கழுதைகள் தண்ணீர் குடிக்கட்டும். இந்தச் சத்திரக்காரன் ரொட்டி கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உள்ளே மாவு பிசைகிறானா, கோதுமை விதைத்துக்கொண்டிருக்கிறானா, யாருக்குத் தெரியும்.

ஆசாரியக் குடும்பமா? அப்படிச் சொல்லு. முகத்தைப் பார்த்ததுமே நினைத்தேன். பாபிலோனில் பிறந்த ஆசாரியனுக்கென்று ஒரு முகம் உண்டு. பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் உலகத்தில் உள்ள ஆடெல்லாம் தன் கைக்காகவே காத்திருக்கிற மாதிரி நடப்பான். கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அதே முகம்தான் இருந்தது.

நான் மல்லூக். மாசெயா வீட்டு மல்லூக். கேள்விப்பட்டதில்லையா? போய்ச் சேர், கேள்விப்படுவாய். அங்கே பால் மறக்காத பிள்ளைகூடச் சொல்லும், 'இடப்பக்கத்து மல்லூக்' என்று. பட்டப்பெயர். சூட்டினது யார்? ரெகூம் வீட்டார். இன்னொரு ஆசாரியக் குடும்பம். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. பலி செலுத்துகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் யாருக்காவது பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

என்ன நடந்தது என்று கேட்கிறாயா? நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். அங்கே போனால் ரெகூம் வீட்டார் அவர்கள் வாயால் சொல்வார்கள். அதற்கு முன்னால் என் வாயால் கேட்டுக்கொள்.

பாபிலோனில் எங்கள் ஊர் கால்வாய்க்கரையில். எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா ஒரு பலிபீடம் கட்டியிருந்தார். பதறாதே! நெருப்பு இல்லாத பலிபீடம். பச்சை மண்ணில் செங்கல் அறுத்துக் கட்டினது. அந்நிய மண்ணில் பலி செலுத்தலாமா? அவ்வளவு தெரியாதவரா என் அப்பா? ஒத்திகைக்காகக் கட்டினது. ஆட்டுக்குப் பதிலாகச் சுருட்டின பாய். ரத்தத்துக்குப் பதிலாகக் கால்வாய்த் தண்ணீர். என்றைக்காவது ஊர் திரும்புவோம், அன்றைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கை நடுங்காமல் நிற்க வேண்டும் என்று தினம் விடிந்ததும் வரிசையில் நிறுத்துவார். கையில் ஒரு நாணல் குச்சி. அடி பிசகினால் கெண்டைக்காலில் ஒன்று விழும். சத்தமே வராது, எரியும்.

சரிவில் ஏற வேண்டும். படி கிடையாது, பலிபீடத்துக்குப் படி ஆகாது, உனக்குத் தெரியும். சரிவில் ஏறி மேலே போனால், பீடத்தைச் சுற்றி ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு விளிம்பு. நாலு மூலையிலும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நாலு முனை, அதைத்தான் கொம்பு என்கிறோம். ரத்தக் கிண்ணத்தோடு போகிறவன் முதலில் கிழக்குக் கொம்புக்கு, ஏறினதும் கிழக்குப் பக்கம் எட்டுகிற மூலைக்கு, போக வேண்டும். அங்கே தொடங்கி ஒரு சுற்று. 'கிழக்குக் கொம்பு முதலில். இடப்பக்கம் திரும்பு.' அப்பா இதைச் சொல்லிச் சொல்லி, நாங்கள் தூக்கத்தில் புரண்டால்கூட இடப்பக்கம்தான் புரள்வோம். சிரிக்காதே, நிஜம். கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வார். கிண்ணத்தில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருக்கும். ஒரு சொட்டுச் சிந்தாமல் நடப்பேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல். என் தம்பி செக்கனியா இரண்டாவது. அவன் எப்போதும் இரண்டாவதுதான். அது கிடக்கட்டும்.

அப்பா ஆலயத்தைப் பார்த்தவரா என்கிறாயா? ஆலயத்தை இடித்த பாபிலோன்காரர்கள் அவரைச் சிறு பிள்ளையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தா பலிபீடத்தில் நின்றவர். அவர் பாபிலோனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கண்ணை மூடிவிட்டார். மூடுமுன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மூடினார். 'சரிவில் ஏறு, கிழக்குக் கொம்பில் தொடங்கு' என்று தாத்தா சொன்னது. அதை அப்பா காலுக்குக் கொண்டுவந்தார். வாயில் இருக்கிறது எல்லாருக்கும் இருக்கும் தம்பி. காலில் இருக்க வேண்டும்.

சரி. ராஜா உத்தரவு போட்டான், திரும்பலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் யார் கிளம்பினது? நானும் என் மகன் மியாமினும். அவன் அம்மா கால்வாய்க்கரையிலேயே அடங்கிவிட்டாள். தம்பி செக்கனியா வரவில்லை. 'பேரீச்சந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறேன், அறுவடை முடியட்டும்' என்றான். எந்த அறுவடை என்று சொல்லவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறான். அப்பா இடத்தில் இப்போது அவன்தான் பிள்ளைகளை நிறுத்தி நாணல் குச்சியோடு நிற்கிறான்.

எருசலேமைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. நீயே பார். மதிலுக்குள் நரி குட்டி போட்டிருக்கும். வீடு என்று நாலு சுவர் நின்றால் அதற்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்தவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நாம் அவர்களை ஏற இறங்கப் பார்ப்போம். பார்த்துப் பார்த்தே ஒரு மழைக்காலம் போய்விடும். பாடகர்கள் என்று வந்திருக்கிறார்களே, அவர்கள் பாட்டைக் கேட்டால் பாபிலோன்காரன் நம்மை விட்டதே இவர்களை அனுப்பிவிடத்தான் என்று தோன்றும்.

ஆனால் பலிபீடம் கட்டிவிட்டார்கள். ஆலயத்துக்கு அஸ்திவாரம்கூட வரவில்லை, பீடம் மட்டும் எழும்பிவிட்டது. பண்டிகை வந்தது. முதல் பெரிய பண்டிகை. யூதா முழுக்க வந்து நிற்கிறது. யார் யார் என்ன வேலை என்று சீட்டுப் போட்டார்கள். ரத்தக் கிண்ணம் யாருக்கு விழுந்தது? மல்லூக்குக்கு. சொல்லவா வேண்டும்! ரெகூம் வீட்டார் முகத்தைப் பார்க்க வேண்டுமே நீ. கெட்டுப்போன பால் மாதிரி இருந்தது.

அன்றைக்குக் காலையில் மேகம். முதல் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது. சணல்நூல் அங்கி, வெறுங்கால், கல் சில்லென்று இருக்கிறது. கிண்ணத்தை வாங்கினேன். உண்மையான ரத்தம், இளஞ்சூடாக இருந்தது. தண்ணீரைப்போல அல்ல தம்பி, அதற்குக் கனம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம், வேண்டுமென்றுதான் மூடினேன். அப்பா பழக்கினபடி நடக்க வேண்டும் என்று. சரிவில் ஏறினேன். இடப்பக்கம் திரும்பினேன்.

எதிரில் கினேத்தோன்.

ரெகூம் வீட்டுக் கினேத்தோன். உடம்பைப் பார்த்தால் பலிக்கு வந்த காளை தப்பித்து அங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருப்பான். கையில் நெருப்புச் சட்டி. அவன் அந்தப் பக்கமாகச் சுற்றி முடித்துக்கொண்டு வருகிறான். நான் இந்தப் பக்கமாகத் தொடங்கிக்கொண்டு போகிறேன். விளிம்பு ஒரு ஆள் அகலம். நான் சொன்னேனே, ஒரு ஆள். கினேத்தோன் ஒன்றரை ஆள்.

வேறென்ன ஆகும்? கிண்ணம் அவன் நெஞ்சில். நெருப்பு என் காலடியில். ரத்தமெல்லாம் விளிம்பில் வழிந்து கீழே நின்ற பாடகர்கள் தலையில் சொட்டியது. அவர்கள் பாட்டை நிறுத்தியது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். பலி போயிற்று. ஊர் முழுக்கக் கொண்டுவந்து நிறுத்தின பலி. கூட்டத்தில் ஒருத்தி ஓவென்று அழுதாள். நாலு பேர் சிரித்தார்கள். அழுதவளை நான் மன்னித்துவிட்டேன்.

மேலே நின்றுகொண்டே கினேத்தோன் கத்துகிறான், "ஓய், கிழக்குக் கொம்புக்குப் போகச் சொன்னால் மேற்கே வருகிறீரே, கண் தெரியவில்லையா?"

இவன் எனக்குக் கிழக்கு மேற்கு சொல்லித்தருகிறான்! நான் சொன்னேன், "அடேய், நான் இடப்பக்கம் திரும்பியிருக்கிறேன். இடப்பக்கம்தான் கிழக்கு. உன் தாத்தா எதைத் தின்றுவிட்டு உனக்குச் சொல்லிக்கொடுத்தார்?"

அப்புறம் மூப்பர்கள் சபை. பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று கிழவர்கள் இருந்தார்கள். கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஒருத்தருக்குக் காது கேட்காது. எதைக் கேட்டாலும் "ஆமாம், சாலொமோன் கட்டினதுதான்" என்பார். இரண்டாமவர் ஆலயம் என்ற சொல்லைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிடுவார். அழுகையில் வலமாவது இடமாவது. மூன்றாமவர் யோசித்து யோசித்துச் சொன்னார், "நான் வெளி முற்றத்தில் அம்மா இடுப்பில் இருந்தேன். புகைதான் தெரிந்தது." இவர்களை வைத்துக்கொண்டுதான் தீர்ப்பு.

தீர்ப்பு என்ன? ரெகூம் வீட்டார் சொல்வது சரி. ஏறினதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மாசெயா வீட்டார் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டும். யாரிடம்? கினேத்தோனிடம்! நரைத்த தாடியோடு நான் போய் நேற்று மீசை முளைத்த பையன்கள் வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஒன்றரை ஆள் எனக்கு முன்னால் நின்று, 'இது வலக்கை, இது இடக்கை' என்று காட்டுவானாம்.

நான் எழுந்து சொன்னேன், "என் அப்பா தவறு என்று ஒத்துக்கொண்டு நான் பீடத்தில் ஏறுவதைவிட, ஏறாமலே இருந்துவிடுகிறேன்."

"இருங்கள்" என்றார்கள். அவ்வளவுதான். ஒருத்தராவது 'மல்லூக், யோசித்துப் பாரும்' என்று சொல்ல வேண்டாமா? அவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டேனே என்று எனக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது. அவர்கள் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்கள். ஏதோ கிணற்றுத் தகராறு.

இதையெல்லாம் நான் பொறுத்தேன் தம்பி. ஊரான் என்ன வேண்டுமானாலும் செய்வான். என் வீட்டில் நடந்ததைக் கேள்.

மியாமின். என் மகன். நான் வளர்த்த பிள்ளை. அந்த முற்றத்தில் என் பின்னாலேயே நடந்து பழகினவன். சபை கலைந்த அன்றைக்கே போய்க் கினேத்தோன் முன்னால் நின்றான். ஒரே மாலை. ஒரே மாலையில் வலப்பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டுவிட்டான்! இவ்வளவு காலம் காலில் ஏற்றினது ஒரே மாலையில் இறங்கிவிடுமா? அப்படியானால் அது ஏறவே இல்லை என்றுதானே அர்த்தம்?

மறுநாள் மூப்பர்கள் அவனை நிறுத்திக் கேட்டார்கள். சும்மா கேட்கவில்லை, குத்திக் கேட்டார்கள். "மியாமின், உன் தாத்தா தப்பாகத்தானே சொல்லிக்கொடுத்தார்?"

இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் துரோகி என்று விட்டுவிடுவேன். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் என் பிள்ளை என்று கட்டிக்கொள்வேன். இரண்டும் இல்லை. "தாத்தா சரியாகத்தான் சொன்னார். அப்பாவும் சரியாகத்தான் கற்றுக்கொண்டார். எனக்கு வலப்பக்கம் வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றான்.

வசதி! பலிபீடத்தில் வசதி! காலில் போடுகிற செருப்பா, வசதி பார்க்க? சபை முழுக்கச் சிரித்தது. நான் வாங்கின சிரிப்பு போதாது என்று என் பிள்ளையும் தன் பங்குக்கு வாங்கிக்கொண்டான். முதுகெலும்பு இல்லாத பயல். சிவந்துபோன முகத்தோடு நின்றான், மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு கிடையாது. ஒரே வீடுதான். ஆசாரியன் பங்கு என்று தொடைக்கறி கிடைக்கும், அவன் கொண்டுவந்து என் பக்கத்தில் மூடிவைத்துவிட்டுப் போவான். நான் தொடமாட்டேன். காலையில் பாத்திரம் காலியாக இருக்கும். எலி. எருசலேம் எலிகளைப் பற்றி நீ இன்னும் கேள்விப்படவில்லை.

இப்படியே எத்தனை நாள்? ஒரு முடிவுக்கு வந்தேன். பாபிலோனுக்குப் போகிறேன். என் தம்பி செக்கனியா, அவன் பிள்ளைகள், பெரியப்பா வழி, சித்தப்பா வழி, மாசெயா வீட்டார் அத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு வருகிறேன். சபையில் வரிசையாக நிறுத்துவேன். 'சொல்லுங்கள், எந்தப் பக்கம்?' என்பேன். அத்தனை வாயும் 'இடப்பக்கம்' என்று சொல்லும். அப்போது ரெகூம் வீட்டார் என்ன செய்வார்கள், பார்ப்போம். மியாமினும் அங்கே நின்று கேட்பான். தன் தாத்தா யார் என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வான். அதற்காகத்தான் இந்த வயதில் இந்தக் கழுதை மேல் ஆடிக்கொண்டு போகிறேன்.

என்ன, நீ அசடு மாதிரி பார்க்கிறாய்? உங்கள் ஊரில் ஒத்திகையே கிடையாதா? வெறும் வாய்ப்பாடமா? அட கடவுளே. இப்படிப் போய்த்தான் அங்கே நிற்கப்போகிறாயா? அந்தக் கினேத்தோனிடம்தான் முதல் பாடம் கேட்கப்போகிறாயா? எழுந்திரு. ரொட்டி வரும் வரைக்கும் நேரம் இருக்கிறது. நான் காட்டுகிறேன்.

அம்மா, இந்தப் பெட்டி எதற்கு, மாவுப் பெட்டியா? ஒன்றும் ஆகாது, ஏறி உடைத்துவிட மாட்டேன். பக்கத்தில்தான் நடப்பேன். இதோ, இதை நடுவில் வைப்போம். இது பலிபீடம். அந்தச் சாக்கை எடு. இதோ இப்படி, இந்தப் பக்கம் விரித்துப் போடு. இது சரிவு. இந்தத் தண்ணீர்க் கிண்ணம் போதும். நிரப்பு, தளும்பட்டும். இப்போது பார்.

சரிவில் ஏறுகிறேன். தோள் அசையக் கூடாது, பார்த்துக்கொள். மூச்சு வயிற்றில் இருக்க வேண்டும். மேலே வந்தாயிற்று. இடப்பக்கம் திரும்புகிறேன். நடக்கிறேன். இதோ கொம்பு. வெயில் எங்கே அடிக்கிறது? முதுகில். பொழுது எங்கே சாய்கிறது? மேற்கே. அப்படியானால் என் முகம் எங்கே பார்க்கிறது? கிழக்கே! கிழக்குக் கொம்பு! ஒரு சொட்டுச் சிந்தவில்லை, கையைத் தொட்டுப் பார். என் அப்பா தவறாகவா சொன்னார்? சொல்லு. இந்த மாவுப் பெட்டிக்குத் தெரிகிறது, மூப்பர்கள் சபைக்குத் தெரியவில்லை.

என்ன கேட்கிறாய்? சரிவா?

எருசலேமில் சரிவு தெற்கே இருக்கிறது. ஆமாம், பீடத்துக்குத் தெற்குப் பக்கம். எப்போதும் அங்கேதான், எல்லாருக்கும் தெரியும். ஏன்?

இங்கேயா? இந்தச் சாக்கை... வடக்கே போட்டிருக்கிறேன். ஆமாம், வடக்குப் பக்கம்தான் போட்டிருக்கிறேன். எங்கள் முற்றத்தில் அப்படித்தான் இருக்கும், அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டேன். அங்கே தெற்கே இடம் இல்லை தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் பேரீச்சம்பழச் சாராயம் காய்ச்சுகிறவன், அவனுடைய கொட்டகைச் சுவர் முட்டிக்கொண்டு நிற்கும். அப்பா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், ஒரு முழம் நகர மாட்டேன் என்றுவிட்டான். அதனால் சரிவை மட்டும் வடக்கே கட்டினார். சரிவை மட்டும்தான். மற்றதெல்லாம் அச்சு அசலாகத் தாத்தா சொன்னபடி. கிழக்குக் கொம்பு கிழக்கேதான் இருந்தது.

எடுத்துப் போடுகிறாயா? எதற்கு? தெற்கேயா? போடு, போட்டுப் பார். உனக்கும் ரெகூம் வீட்டாருக்கும் ஏதாவது சொந்தமா? கேட்டேன், அவ்வளவுதான். போடு.

இதோ ஏறுகிறேன். தோள் அசையவில்லை. மேலே வந்தாயிற்று. திரும்புகிறேன். இதோ நடக்கிறேன்...

என்ன வெயில் இது. கண்ணில் குத்துகிறது.

...

பெட்டியைக் கோணலாக வைத்திருக்கிறாய். கோணலாகத்தான் இருக்கிறது. சரி, இல்லை. இன்னொரு தடவை. கிண்ணத்தைக் கொடு. ஏறுகிறேன். நான் ஒன்றும் யோசிக்கப்போவதில்லை, காலே போகட்டும், காலுக்குத் தெரியும்.

வெயில்தான். முகத்துக்கு நேரே, மேற்கே.

அம்மா, சிரிக்கிறாயா? இல்லையா. சரி. தண்ணீர் உன் மாவுப் பெட்டி மேல் சிந்திவிட்டது, துடைத்துக்கொள். வயதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

அந்தச் சாக்கை மடித்து வை தம்பி.

அந்தச் சாராயக்காரன்! அவனைச் சொல்ல வேண்டும்! நாள் முழுக்கப் புளித்த நாற்றம், ராத்திரியானால் குடிகாரர்கள் கூச்சல், போதாததற்கு ஒரு ஆசாரியக் குடும்பத்தையே முழுசாகத் திருப்பி நிறுத்திவிட்டானே! ஒரு முழம் நகர்ந்திருந்தால் என்ன? அப்பா தவறாகச் சொல்லவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். அந்த முற்றத்தில் அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்த முற்றத்தில்.

மியாமினுக்கு இது தெரிந்திருக்கிறது.

ஆமாம், அவனுக்குத் தெரியும். எப்போது தெரிந்ததோ. முற்றத்திலேயே தெரிந்ததோ, அங்கே போய்ப் பீடத்தைப் பார்த்ததும் தெரிந்ததோ. அந்தச் சபையில் நின்றபோது தெரிந்திருக்கிறது. 'சரிவு வடக்கே இருந்தது, அதனால் தாத்தா அப்படிச் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்தான். அத்தனை பேர் முன்னால் தாத்தாவுடைய பீடம் கோணல் என்று அவன் வாயால் வரவேண்டும் என்றுதானே அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் நின்றானே, மடையன். எனக்காவது வீட்டில் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவனுக்கும் தெரியும்.

ரொட்டி வந்துவிட்டது. சாப்பிடுங்கள். எனக்கு வேண்டாம். சரி, பாதி கொடு.

திரும்பி எருசலேமுக்கா? உங்களோடா? நல்ல யோசனை. நான் போய் இறங்கினதும் கினேத்தோன் மேளம் கொட்டி வரவேற்பான். இல்லை தம்பி. என் பாதை இந்தப் பக்கம்தான். அங்கே செக்கனியா நாளைக் காலையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவான். எல்லாம் பல் முளைத்தும் முளைக்காததுமாக இருக்கும். ஒவ்வொன்றும் இடப்பக்கம் திரும்பும். அதுகள் ஒரு நாள் ஊர் திரும்பாமலா போகும்? திரும்பி வந்து, விளிம்பில் ஏறி, ஊர் முன்னால் முட்டிக்கொண்டு நிற்கும். செக்கனியாவுக்குத் தானாக எதுவும் தோன்றாது. அவன் இரண்டாவது ஆள் என்று சொன்னேனே.

போய் என்ன சொல்வேனா? 'அப்பா தவறு' என்று சொல்வேன் என்று நினைக்காதே. என் நாக்குக்கு அது வராது. நேரே அந்தச் சாராயக்காரன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். சுவரை நகர்த்து என்பேன். மாட்டேன் என்பான். நாலு தெரு கூடுகிற மாதிரி சண்டை போடுவேன். சண்டை போடத்தான் எனக்கு நன்றாக வருமே. அவன் நகர்ந்ததும் வடக்குச் சரிவை இடித்துத் தெற்கே கட்டுவேன். 'அப்பா மனதில் சரிவு எப்போதும் தெற்கேதான் இருந்தது, இப்போதுதான் இடம் கிடைத்தது' என்பேன். பிள்ளைகள் கிழக்குக் கொம்பு எங்கே என்று பார்த்துத் தானாகவே வலப்பக்கம் திரும்பிவிடும். யாரும் யாரையும் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை.

நீ விடிந்ததும் கிளம்பு. போய்ச் சேர்ந்ததும் அந்தக் கினேத்தோனிடம் கற்றுக்கொள்ளாதே. அவன் நடக்கிற நடைக்கு ஆடே எழுந்து ஓடிவிடும். மாசெயா வீட்டு மியாமின் எங்கே என்று கேள். காட்டுவார்கள். அவனிடம் நின்று கற்றுக்கொள். அவன் கையில் கிண்ணம் தளும்பாது. யார் பழக்கின கை என்று நினைக்கிறாய்?

என்னைப் பார்த்ததாகச் சொல்லு. பெட்டியை வைத்துப் பார்த்தது, சாக்கைப் போட்டது எதையும் சொல்லாதே. 'உங்கள் அப்பாவை ஆமாத்துச் சத்திரத்தில் பார்த்தேன், எல்லாரையும் திட்டிக்கொண்டு போனார், உங்களையும் சேர்த்துத்தான்' என்று சொல்லு. அது போதும். வேறு ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்லித் தொலைத்துவிடாதே தம்பி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பீடத்தை விட்டுவிட்டு என்னைத் தேடிக் கிளம்பிவிடுவான்.